இருக்கிறதா என்று கேட்கும் முறை

அன்புள்ள தங்கைக்கு,

பரனூர் ஸ்டேஷனில் இறங்கி மஹிந்திரா வேர்ல்டு சிட்டிக்கு சர்வர் நிர்வாக வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாய். இனி தினமும் உன்னிடம் ஒரு கேள்வி வரும்: "அந்த சாஃப்ட்வேர் அந்த மெஷின்ல இருக்கா?" சட்டென்று பதில் சொல்லிவிடாதே. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஷெல்லிடம் கேட்பாய். 'கமாண்ட் மைனஸ் வி' என்று அடித்து, பக்கத்தில் புரோகிராமின் பெயரைக் கொடுத்தால் அது இருக்கும் பாதை வரும். வராவிட்டால் "இல்லை" என்று முடிவு கட்டாதே. பாத் பட்டியலில் உள்ள அடைவுகளை மட்டுமே ஷெல் தேடும். டெபியனில் சாதாரணப் பயனராக எஃப்டிஸ்க் என்று அடித்தால் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று வரும். ஆனால் எஸ்பின் அடைவுக்குள் அது பத்திரமாக இருக்கும். 127 என்ற எண்ணோடு திரும்பும் பதிலுக்கு, ஷெல்லின் கண்ணில் படவில்லை என்று மட்டும்தான் பொருள்.

அடுத்து பேக்கேஜ் மேனேஜரிடம் கேள். டெபியன், உபுண்டு என்றால் டிபிகேஜி. ரெட் ஹேட் வகை என்றால் ஆர்பிஎம். 'டிபிகேஜி மைனஸ் எல்' தரும் பட்டியலில் பெயர் தெரிந்ததும் நிம்மதி அடையாதே, வரியின் தொடக்கத்தில் உள்ள இரண்டு எழுத்துகளைப் படி. 'ஐ ஐ' என்றால் முழுதாக நிறுவப்பட்டிருக்கிறது. 'ஆர் சி' என்றால் மென்பொருளை நீக்கியாயிற்று, அமைப்புக் கோப்புகள் மட்டும் மிச்சம். பாதியில் நின்றுபோன நிலைக்கும் தனி எழுத்து உண்டு. மாமல்லபுரத்தின் பிடாரி ரதங்களைப் போல, பெயர் ரதம்தான், வேலை முடியவில்லை.

ஷெல், பேக்கேஜ் மேனேஜர் இரண்டுக்கும் தெரியாமல் உள்ளே இருப்பவையும் உண்டு. 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா நூலகத்தில் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது நிர்வாகிகளைத் திணற வைத்தது இதுதான். அந்த நூலகம் வேறு மென்பொருள்களின் ஜார் கோப்புகளுக்குள் பொதிந்து கிடந்தது. கோப்புகளையே துழாவ வேண்டியிருந்தது.

கேட்கும் விதத்திலும் கவனம் வேண்டும். 2024 மார்ச் 29 அன்று, எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் இருப்பதை ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அறிவித்தார். எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை நொடி தாமதமானதை அவர் துருவிப் பார்த்ததால் வந்த கண்டுபிடிப்பு அது. அப்படிச் சந்தேகத்துக்கு ஆளான புரோகிராமை ஓட்டி, அதன் வாயாலேயே வெர்ஷனைக் கேட்பானேன்? பேக்கேஜ் மேனேஜரைக் கேட்டால் போதும். விண்டோஸில் வின்32 புராடக்ட் வழியாகப் பட்டியல் கேட்டால், எம்எஸ்ஐ முறையில் நிறுவிய ஒவ்வொன்றையும் அது சரிபார்க்கத் தொடங்கும். கோளாறு கண்டால் பழுதுபார்க்கவும் இறங்கிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் இது வம்பு. ரெஜிஸ்ட்ரியில் உள்ள அன்இன்ஸ்டால் பதிவுகளைப் படி, அல்லது 'விங்கெட் லிஸ்ட்' அடி. பார்க்கப் போன இடத்தில் எதையும் மாற்றிவிட்டு வரக் கூடாது.

பழகிப் பார்க்கப் பெரிய மெஷின் தேவையில்லை. 2011இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி தரத் தொடங்கியபோது, விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ், டெபியன் வழி வந்தது. உன் அண்ணனின் மடிக்கணினி இன்னும் உயிரோடு இருந்தால் அதிலேயே டிபிகேஜியைப் பழகலாம். ஒரு பேக்கேஜைப் போட்டு, நீக்கி, அந்த இரண்டு எழுத்துகள் மாறுவதை உன் கண்ணால் பார்.

"இருக்கு சார்" என்று மட்டும் யாருக்கும் மெயில் அனுப்பாதே. எந்த மெஷின், எந்தப் பயனர், என்ன கமாண்ட், எப்போது, என்ன பதில் வந்தது என்று ஐந்தையும் எழுது. உன் சொல்லை நம்பித்தான் ஒருவர் சர்வரை நிறுத்துவார், இன்னொருவர் நிறுத்தாமல் விடுவார்.

அன்புடன்,
உன் மூத்த சக ஊழியர்