கெண்டோப் போட்டியில் காலடியும் தன்னம்பிக்கையும்



பயிற்சியின்போது சிறப்பாக ஓடிய மாணவன், போட்டி நாளன்று தொடக்கக் கோட்டில் நின்றதும் வெளிறிப் போவதை நாம் பன்முறை கண்டிருக்கிறோம். பேச்சுப் போட்டி மேடையிலும் இதே காட்சிதான். திடலோரத்தில் நிற்கும் ஆசிரியர்களாகிய நாம், "அஞ்சாதே, துணிந்து நில்!" என்று உரக்கக் கூறுவோம். அவ்வறிவுரையால் எந்த மாணவனுடைய அச்சமும் நீங்கியதாக நமக்கு நினைவில்லை. தான் அஞ்சுவது அவனுக்கே தெரியும். அதனை எங்ஙனம் போக்குவது என்பதைத்தான் நாம் ஒருவரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

இக்குறையை எண்ணிப் பார்க்கும்போது, ஜப்பானியர் தம் சிறுவர்க்குக் கற்பிக்கும் கெண்டோ என்னும் வாட்கலையின் பயிற்சி முறை நம் கவனத்தை ஈர்த்தது. 1982ஆம் ஆண்டில் நம் நாடு கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்தது முதல் ஜப்பானியரின் உழைப்பைப் பற்றியும் ஒழுங்கைப் பற்றியும் பலர் பேசக் கேட்டிருக்கிறோம். அவர்தம் விளையாட்டுக் கூடத்தில் ஒரு சிறுவனுடைய அச்சத்தை எவ்வாறு கையாள்கின்றனர் என்பதைப் பற்றி எவரும் அவ்வளவாக எழுதக் காணோம்.

'கெண்' என்றால் வாள். 'டோ' என்றால் நெறி. நான்கு மூங்கில் பட்டைகளை இணைத்துக் கட்டிய 'ஷினாய்' என்னும் போலி வாளை இரு கைகளாலும் பற்றி, தலை, மணிக்கட்டு, விலா, தொண்டை ஆகிய நான்கு இடங்களுள் ஒன்றைத் தாக்குவதே ஆட்டம். தொண்டையில் குத்துதல் ஜப்பானியத் தொடக்கப்பள்ளிச் சிறுவர்க்கு விலக்கப்பட்டுள்ளது. மூங்கில் வாளும் காப்புக் கவசமும் 18ஆம் நூற்றாண்டில் செப்பமுற்றன. அதற்குமுன் உண்மை வாளாலோ மரவாளாலோ முழு விசையுடன் பயில்வது உயிருக்கே ஆபத்து. கவசம் வந்தபின் அடி வாங்கியும் பயிலலாம் என்ற நிலை ஏற்பட்டது. 1952இல் அனைத்து ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பும், 1970இல் அனைத்துலகக் கூட்டமைப்பும் அமைந்தன. முதல் உலகப் போட்டி அந்த 1970ஆம் ஆண்டிலேயே தோக்கியோவில் நடைபெற்றது.

இனி, காலடிக்கு வருவோம். நம் சிலம்பத்திலும் கம்பு சுழற்றுமுன் காலடி பயிற்றுவிக்கும் வழக்கம் உண்டு. ஆதலால் இப்பாடம் நமக்கு முற்றிலும் புதியதன்று.

கெண்டோ வீரன் வழவழப்பான பலகைத் தரையில் வெறுங்காலுடன் நிற்கிறான். வலக்கால் முன்னே; இடக்கால் பின்னே. இடக்காலின் விரல்கள் வலக்குதிகாலுக்கு நேராக அமையும். இரு பாதங்களுக்கும் இடையே குறுக்கே ஒரு கைப்பிடி அகலம் இருக்கும். இரு பாதங்களின் விரல்களும் நேர்முகமாகவே நோக்க வேண்டும். இடக்குதிகால் தரையினின்று சற்றே உயர்ந்திருக்கும். வலக்குதிகாலோ தாள் ஒன்று நுழையும் அளவுக்கே தரையை விட்டிருக்கும் என்பர்.

இந்நிலையில் நால்வகை நடைகள் உள்ளன. அவற்றுள் 'ஓகுரி அஷி' என்பதே உயிரானது. எத்திசையில் செல்ல வேண்டுமோ அத்திசையிலுள்ள கால் முதலில் நகரும். மற்றக் கால் உடனே அதனைத் தொடரும். முன்னே செல்ல வலக்கால் முதலில். பின்னே செல்ல இடக்கால் முதலில். ஒரு கால் மற்றொன்றைக் கடந்து செல்வதில்லை. பாதங்கள் தரையைத் தேய்த்துக்கொண்டே நகர்கின்றன. இதனால் உடல் மேலும் கீழும் குதிப்பதில்லை; எந்த நொடியிலும் தாக்குவதற்கு ஏற்ற நிலை குலைவதுமில்லை.

வலக்கால் முன்னே செல்வதால், அதுவே உடலை இழுத்துச் செல்கிறது என்று புதிதாகப் பயில்வோர் எண்ணிவிடுகின்றனர். உண்மை அதுவன்று. உடலை உந்தித் தள்ளுவது பின்னாலுள்ள இடக்கால்தான். இடக்குதிகால் தரையில் படிந்துவிட்டால் உந்துவிசை பிறக்காது. முதலில் குதிகாலைத் தூக்க வேண்டும், பிறகுதான் பாய முடியும். அதற்குள் எதிரியின் வாள் தலைமேல் விழுந்துவிடும். இடப்பாதம் வெளிப்புறமாகத் திரும்பியிருந்தாலோ உந்துவிசை பக்கவாட்டில் சிதறும். குதிகால் நரம்புக்கும் கேடு.

தாக்கும்போது வலக்கால் தரைக்கு மிக அண்மையில் சறுக்கிச் சென்று, முழுப் பாதமும் ஒருங்கே பதியுமாறு மிதிக்கிறது. இதனை 'ஃபுமிகோமி' என்பர். மிதிக்கும் ஓசையும், வாள் படும் ஓசையும், "மென்!" என்னும் முழக்கமும் ஒரே கணத்தில் ஒலிக்க வேண்டும். மனம், வாள், உடல் மூன்றும் ஒன்றாதல் என்று இதனைப் பெயரிட்டு அழைக்கின்றனர். காலை உயரத் தூக்கிக் குதிகாலால் இடிப்பவன் குதிகால் எலும்பைப் புண்ணாக்கிக்கொள்வான். இதைப் படித்துவிட்டு நம் பள்ளியின் சிமெந்துத் தரையில் எவரும் மிதித்துப் பார்க்கலாகாது என்பதை இங்கேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறோம்.

இதற்கு மாறான கருத்துடைய பெருவீரர் ஒருவரும் இருந்தார். மியாமோத்தோ முசாஷி, 1645இல் மறைவதற்குச் சற்றுமுன் எழுதி முடித்த 'ஐந்து வளையங்களின் நூல்' என்பதில், கால்விரல்களைச் சற்றே மிதக்கவிட்டுக் குதிகாலை உறுதியாக ஊன்ற வேண்டும் என்றும், இயல்பாக நடப்பதுபோலவே நடக்க வேண்டும் என்றும் கற்பிக்கிறார். இக்காலப் பயிற்சிக்கு இது நேர் எதிரானது. மேடுபள்ளமான மண்ணில், கனமான வாளுடன், உயிரைப் பணயம் வைத்துப் போரிட்டவர்க்கு ஏற்றது அது; சமதளப் பலகைத் தரையில் இலேசான மூங்கில் வாளுடன் ஆடுவோர்க்கு ஏற்றது இது என்று நாம் கருதுகிறோம். ஆயினும் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்ட கால் தீது என்பதில் முசாஷிக்கும் இன்றைய ஆசான்களுக்கும் வேறுபாடில்லை.

அந்த ஒட்டிக்கொண்ட நிலைக்கு 'இட்சுகி' என்று பெயர். கால் தரையோடு ஒட்டுவதை மட்டுமன்றி, மனம் ஓரிடத்தில் சிக்கி நிற்பதையும் அச்சொல்லாலேயே குறிப்பிடுகின்றனர். ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குவது வெறும் மொழி வழக்கன்று என்பது நம் எண்ணம். திகைப்பு, அச்சம், ஐயம், குழப்பம் ஆகிய நான்கையும் 'ஷிகாய்' என்று வகுத்து, வீரன் விலக்க வேண்டிய மனநோய்களாக அவர்கள் கற்பிக்கின்றனர். இவற்றை மனத்துள் புகுந்து காண ஆசிரியரால் இயலாது, காலிலே காணலாம். திகைத்தவனுடைய கால் உறைந்து நிற்கும். அஞ்சியவனுடைய குதிகால் தரையில் விழும். உடலின் பாரம் பின்னே சாயும். குழம்பியவனுக்கு எந்தக் காலை முதலில் எடுப்பது என்பதே மறந்துபோகும். ஐயம் கொண்டவன் நிலைதான் மிகவும் இரங்கத்தக்கது. அவனுடைய வலக்கால் முன்னே போகும், இடக்கால் "போகலாமா, வேண்டாமா?" என்று பின்னேயே நின்றுவிடும். உடல் இரண்டுபட்டு, கைகள் மட்டும் எட்டிப் பிடிக்க முனையும், அடி தவறும். அடுத்த முறை ஐயம் இன்னும் மிகும்.

ஆகவே நல்ல ஆசான் "அஞ்சாதே" என்று கூறுவதில்லை. "இடக்குதிகால்!" என்று மட்டும் கூறுகிறார். அச்சத்தை விடு என்ற கட்டளையைச் சிறுவன் நிறைவேற்ற முடியாது. குதிகாலை உயர்த்து என்பதை உடனே நிறைவேற்றலாம். அதைச் செய்தவுடன் பாரம் முன்னே வருகிறது. பாய்வதற்கு வழி பிறக்கிறது.

பயிற்சிகள் எளியவை, ஆனால் அலுப்பூட்டுபவை. பலகைகளின் இணைப்புக் கோட்டை வழிகாட்டியாகக் கொண்டு, கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தேய்நடையில் செல்ல வேண்டும். பிறகு அவ்வாறே பின்னோக்கி வர வேண்டும். 'கிரிகாஎஷி' என்னும் பயிற்சியில் முதலில் நடுத்தலையில் ஓர் அடி. பின்பு இடமும் வலமும் மாறிமாறி முன்னேறிக்கொண்டே 4 அடிகள், பின்வாங்கிக்கொண்டே 5 அடிகள். முடிவில் மீண்டும் நடுத்தலை. பின்வாங்கும் அந்த 5 அடிகளில்தான் கால் குழறும். அங்கே குழறாதவன் போட்டியிலும் பின்வாங்க அஞ்சமாட்டான். 'ககாரி கெய்கோ' என்பதோ, தான் அடிபடுவதைப் பொருட்படுத்தாமல் மூச்சு முட்டும்வரை ஓயாது தாக்குவது. அடிபட்டாலும் ஒன்றும் ஆகிவிடவில்லை என்பதை உடலே அறிந்துகொள்கிறது.

இவற்றால் சிறுவன் அடைவது தன் அடியின் அளவைப் பற்றிய அறிவு. ஓரடி முன்வைத்தால் தாக்கலாம், ஓரடி பின்வைத்தால் தப்பலாம் என்ற தொலைவை 'ஓரடி ஒருவாள் இடைவெளி' என்று கெண்டோவில் வழங்குவர். ஆளுக்கு ஆள் இது மாறும். தன் கால் எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதை ஆயிரம் முறை அளந்து பார்த்தவனுக்கு எதிரியின் உருவம் பெரிதாகத் தோன்றுவதில்லை. தன்னம்பிக்கை என்று நாம் பெரிதாகப் பேசுவது பெரும்பாலும் இந்த அளவறிதல்தான் போலும்.

போட்டிக் களம் 9 முதல் 11 மீட்டர் வரை பக்கமுள்ள சதுரம் அல்லது நீள்சதுரம். வீரர் இருவரும் நின்று வணங்கி, மூன்று அடி முன்வந்து, நடுவிலிருந்து 1.4 மீட்டர் தொலைவிலுள்ள தத்தம் கோட்டில் குந்தி எழுகின்றனர். எல்லாப் போட்டியிலும் அதே மூன்று அடிகள். நெஞ்சு படபடக்கும் வேளையில் பழகிய காரியம் ஒன்றைச் செய்ய வைப்பது எத்துணைப் பெரிய உதவி! முறையான ஆட்டம் 5 நிமிடம். இரண்டு புள்ளி முதலில் பெறுபவர் வெற்றி பெறுவார். மூன்று நடுவர்களுள் இருவரேனும் கொடி உயர்த்தினால்தான் புள்ளி. வாள் பட்டது மட்டும் போதாது. முழக்கம், நிமிர்ந்த நிலை, தாக்கியபின் எதிரியை நோக்கித் திரும்பி விழிப்புடன் நிற்கும் 'ஸான்ஷின்' ஆகியவும் வேண்டும். களத்தின் எல்லைக் கோட்டைத் தாண்டினால் குற்றம். இரண்டு குற்றம் சேர்ந்தால் எதிரிக்கு ஒரு புள்ளி. அஞ்சிப் பின்வாங்கிக்கொண்டே இருப்பவன் அடிபடாமலே தோற்கலாம் என்பது இதனால் விளங்கும். வென்றவன் கைதூக்கிக் குதித்து மகிழ்ந்தாலோ, கொடுத்த புள்ளியையே நடுவர் திரும்பப் பெற இடமுண்டு. நம் பந்தாட்ட வீரர்கள் இவ்விதியைக் கேட்டால் திடுக்கிடுவர்!

ஆட்டம் முடிந்ததும் இருவரும் கோட்டுக்குத் திரும்பிக் குந்தி, வாளை இடையில் கொண்டு, எழுந்து, ஐந்து சிற்றடிகள் பின்வாங்கி வணங்குகின்றனர்.

சென்ற விளையாட்டுப் போட்டியின்போது, தொடக்கக் கோட்டில் நின்ற நம் மாணவன் ஒருவனுடைய காலை நோக்கினோம். பின்குதிகால் தரையில் அழுந்தியிருந்தது. அருகில் சென்று, "பின்குதிகாலை உயர்த்து, தம்பி" என்று மட்டும் சொன்னோம். அவன் குனிந்து பார்த்துவிட்டு உயர்த்தினான். மூன்றாவதாகத்தான் வந்தான். ஆனால் பயிற்சியில் ஓடிய அதே ஓட்டத்தை அன்றும் ஓடினான்.