தண்ணீர் போகும் வழியில் மிதியுங்கள்

சைக்கிளில் ஊர் சுற்றப் புறப்படும் தம்பி தங்கைகள் என்னைத் தேடி வந்தால், எந்த சைக்கிள் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு இரண்டாவது கேள்விதான் பெரியது. செங்கல்பட்டு, மதுராந்தகம், உத்திரமேரூர் ஆகிய மூன்று ஊர்களுக்கு நடுவே கிடக்கும் ஏரி நாட்டில் நாற்பது வருஷமாக மிதித்துக்கொண்டிருக்கிறேன். பெரிய ஏற்றம் கிடையாது. நாலைந்து கிலோமீட்டருக்கு ஒரு ஏரி வரும். ஏரிகளுக்கு நடுவே முட்புதரும் காரையும் களாவும் அடர்ந்த காப்புக்காடுகள் உண்டு. புதிதாகத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல களம் எனக்குத் தெரியாது.

1. முதலில் ஏரியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கரை, மதகு, கலிங்கு என்ற மூன்று சொற்கள் போதும். மண்ணைக் கொட்டித் தண்ணீரைத் தடுப்பது கரை. வயலுக்குத் தண்ணீர் விடுவது மதகு. ஏரி நிரம்பிய பிறகு மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் இடம் கலிங்கு. அப்படி வழிந்த தண்ணீர் வீணாவதில்லை, கால்வாய் வழியே கீழே உள்ள அடுத்த ஏரிக்குப் போகிறது. அது நிரம்பினால் அதற்கும் அடுத்தது. இப்படிச் சங்கிலியாகக் கோத்த ஏரிகள்தாம் இந்த நாட்டின் முதுகெலும்பு. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சாய்கிறது. அந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரியாது, பெடலுக்குத் தெரியும். ஊர்ப் பெயர்ப் பலகைகளையும் பாருங்கள். 'தாங்கல்' என்றோ 'ஏந்தல்' என்றோ முடிந்தால் அங்கே ஒரு சிறிய நீர்நிலை இருந்தது, பெரும்பாலும் இன்றும் இருக்கிறது. உங்கள் பாதையைச் சாலை எண்ணை வைத்து வகுக்காதீர்கள். எந்த ஏரியிலிருந்து எந்த ஏரிக்கு என்று வகுத்துக்கொள்ளுங்கள்.

2. முதல் பயணம் 40 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். இளவயதில் நான் ஒரே நாளில் நூறு கிலோமீட்டர் என்று கங்கணம் கட்டிக்கொண்டு கிளம்பினேன். முடித்தும் விட்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா, "ஏரியிலே தண்ணி இருந்ததாடா?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எட்டு ஏரிகளைக் கடந்திருந்தேன், ஒன்றையும் பார்க்கவில்லை. அம்மாவின் கேள்வி இன்றும் காதில் இருக்கிறது.

3. வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நீண்டு நிற்க வேண்டும். சீட்டின் உயரத்துக்கு அதுதான் கணக்கு. அதற்குத் தாழ்ந்த சீட்டில் மிதித்தால் முழங்கால் பழுதாகும். ஒல்லியான டயர் வேண்டாம், கிராமத்துச் சாலைக்குச் சற்று அகலமான டயரே நல்லது. மூட்டையை முதுகில் சுமக்காமல் கேரியரின் இரண்டு பக்கமும் தாழ்வாகக் கட்டுங்கள். ஹெல்மெட்டும் முன்னும் பின்னும் விளக்கும் இல்லாமல் கிளம்பாதீர்கள். புறப்படும் முன் உங்கள் தெரு சைக்கிள் கடையில் சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டையையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

4. இந்த நாட்டில் பஞ்சர் வரும். வருமா வராதா என்று யோசிப்பதே வீண். சாலையோரப் புல்லில் நெருஞ்சி படர்ந்திருக்கும். அதன் மஞ்சள் பூ அழகுதான், காய்ந்த முள்ளோ எப்படி விழுந்தாலும் ஒரு கூர்முனையை மேலே நீட்டிக்கொண்டு கிடக்கும். ஏரிக்குள்ளும் கரையிலும் சீமைக்கருவேலம். விறகு வெட்டி ஏற்றிய வண்டி ஒன்று போனால் அந்தச் சாலை முழுக்க முள்தான். ஆகவே ஓய்வெடுக்க நிற்கும்போது வண்டியைப் புல்லில் தள்ளாதீர்கள், தூக்கி வையுங்கள்.

பஞ்சர் ஒட்டுவதை வீட்டிலேயே மூன்று முறை பழகிக்கொண்டு வாருங்கள். டியூபைக் கழற்றிக் காற்றடித்து ஏரித் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் ஓட்டை. துடைத்துக் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவிக் காத்திருங்கள். இங்கேதான் எல்லாரும் தவறுகிறார்கள். ஈரமாக இருக்கும்போதே துண்டை ஒட்டிவிடுவார்கள், ஒரு கிலோமீட்டரில் பிரிந்துவிடும். சொல்யூஷன் காய்ந்து, விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வந்த பிறகே ஒட்ட வேண்டும். டியூபை உள்ளே வைக்கும் முன் டயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். முள் இன்னும் அங்கேயே இருக்கும்.

5. காற்றைக் கேட்டுக்கொண்டு திசையை முடிவு செய்யுங்கள். ஏரிகள் நிறைந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். சென்னைப் பக்கமிருந்து தென்மேற்கே போகும்போது முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல இருக்கும். தன் பலத்தால்தான் போகிறோம் என்று புதியவர் நம்பிவிடுவார். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் மோதும். எனவே திரும்பும் பாதையை விடியற்காலையில் வையுங்கள், அப்போது காற்று அடங்கியிருக்கும். கோடையில் மதியத்துக்குப் பின் கடல்காற்று எழும், அப்போது கிழக்கே மிதிப்பது சிரமம். கோடையில் 11 மணிக்கு மேல் வண்டியை நிறுத்திவிடுங்கள். கோயில் மண்டபமோ புளியமரமோ எங்கும் கிடைக்கும்.

6. இனி பாதை. சின்னப் பயணங்கள் பழகிய பிறகு இதற்கு இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

செங்கல்பட்டிலிருந்து விடியலில் புறப்படுங்கள். கொளவாய் ஏரியை ரயிலிலிருந்து பார்த்திருப்பீர்கள், இந்த முறை நின்று பாருங்கள். பிறகு பாலாற்றைத் தாண்ட நெடுஞ்சாலைப் பாலத்தில்தான் ஏற வேண்டும். லாரிகள் அதிகம். பயணத்தில் நான் விரும்பாத பகுதி இது ஒன்றுதான். வரிசையாக, இடது ஓரமாக, பேசாமல் கடந்துவிடுங்கள். படாளத்தில் மேற்கே திரும்பினால் போதும், உலகமே மாறிவிடும். வயல், ஏரிக்கரை, வரிசைப் பனைகள் என்று போய் வேடந்தாங்கல் வரும்.

அந்த ஏரி சிறியது, சுமார் 30 ஹெக்டேர்தான். அங்கே தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், வக்கா, கூழைக்கடா எல்லாம் கூடு கட்டுகின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம். இந்தப் பறவைகளைச் சட்டம் வருவதற்கு முன்பே ஊர் மக்கள் காத்து வந்தார்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். வெள்ளைக்கார சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் போய் முறையிட்டுப் பாதுகாப்பு உரிமை எழுதி வாங்கினார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்திலுள்ள கரிக்கிலியும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. கரிக்கிலிக்குக் கூட்டம் குறைவு. சைக்கிளில் வருபவர் அதைத் தவறவிடக் கூடாது.

மாலைக்குள் உத்திரமேரூர் போய்த் தங்குங்கள். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. குடவோலைத் தேர்தல் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஏரிக்கு என்றே ஒரு வாரியம் இருந்ததையும் அதற்கு 6 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டதையும் அந்தப் பாடத்தில் கவனித்தீர்களா? அவர்கள் பதவிக் காலம் 360 நாள். அன்று முழுக்க ஏரிக்கரைகளில் மிதித்து, கால் வலிக்க அந்தச் சுவர் முன்னால் நிற்கும்போது அந்த 6 பேரின் வேலை என்னவென்று உடம்புக்கே புரியும். புத்தகத்தில் படித்தபோது எனக்கு அது புரியவில்லை.

மறுநாள் இரண்டு வழி உண்டு. தென்கிழக்கே மதுராந்தகம் போகலாம். அந்தப் பேரேரியின் கரை உடையும் தறுவாயில் வில்லேந்திய இருவர் காவல் நின்றதைப் பார்த்ததாகச் சொல்லப்படுபவரும் அதே லயனல் பிளேஸ்தான். கோயிலுக்கு ஏரி காத்த ராமர் என்று பெயர் வந்தது அதனால்தான். அங்கிருந்து செங்கல்பட்டு சுமார் 25 கிலோமீட்டர், எல்லாம் நெடுஞ்சாலை, எதிர்க்காற்று. ரயில் நிலையம் இருக்கிறது. சைக்கிளை ஏற்றும் விதியை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு ரயிலில் வருவதில் ஒரு வெட்கமும் வேண்டாம்.

எனக்குப் பிடித்தது வடக்கு வழி. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் வழியாகப் பழையசீவரம் போவது. திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்றைப் பற்றிச் சொல்கிறது. முழங்கால் சிராய்த்துக்கொண்டு ஒருமுறை அந்தச் சுவர் அருகே உட்கார்ந்து மருந்து போட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து பஞ்சும் மருந்தும் கட்டுத்துணியும் இல்லாமல் கிளம்புவதில்லை. ஆற்றில் வெள்ளம் இருந்தால் பாலத்தில் போக விடுகிறார்களா என்று உத்திரமேரூரிலேயே விசாரியுங்கள்.

7. தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் இறங்காதீர்கள். இதை அறிவுரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கட்டளையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். கலிங்கு வழிந்தால் சாலையின் மேலேயே தண்ணீர் ஓடும். முழங்கால் அளவுதானே என்று தோன்றும். ஒரு கார்த்திகை மாதம் நானும் அப்படித்தான் இறங்கினேன். பாதி வழியில் சக்கரத்தைத் தண்ணீர் பக்கவாட்டில் தள்ள ஆரம்பித்தது. சைக்கிள் தண்ணீருக்கு ஒரு பாய்மரம் மாதிரி. அக்கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் துண்டை முறுக்கி வீசி இழுத்திராவிட்டால் இதை எழுத நான் இல்லை. மதகுக்கு அருகே குளிக்கவும் இறங்காதீர்கள், உள்ளே இழுக்கும். மழை பெய்து ஊறிய கரைமேல் வண்டி ஓட்டவும் வேண்டாம். டயர் போட்ட தடத்தில் அடுத்த மழைத் தண்ணீர் வழி பிடிக்கும், கரை அங்கே அரிக்கத் தொடங்கும்.

8. வழி கேட்கும்போது, "இது உத்திரமேரூர் போகுமா?" என்று கேட்காதீர்கள். களைத்து வந்த பிள்ளையிடம் இல்லை என்று சொல்ல மனம் வராமல் "போகும்" என்பார்கள். எந்த வழியும் சுற்றிக்கொண்டாவது போகத்தானே செய்யும்? "உத்திரமேரூருக்கு எந்தப் பக்கம் போகணும் அண்ணே?" என்று கேளுங்கள், கையை நீட்டிக் காட்டுவார்கள். கேட்கும்போது வண்டியிலிருந்து இறங்கி நின்று கேளுங்கள். கைபேசி வரைபடம் சில கரைப் பாதைகளைச் சாலை என்று காட்டும். அதை நம்பி முள்ளுக்குள் போய் நின்றவர் பலர்.

9. தாகம் எடுக்கும் முன் குடியுங்கள், பசிக்கும் முன் சாப்பிடுங்கள். வண்டியில் இரண்டு பாட்டில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். வெறும் தண்ணீர் போதாது, வியர்வையில் உப்பும் போகிறது. காலையில் உப்பிட்ட நீராகாரம், வழியில் மோர், கோடையில் நுங்கு, இளநீர். டீக்கடை இட்லி நான்கு சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் ஓடும்.

10. அறுவடைக் காலத்தில் சாலையில் நெல் காயும். அது ஒரு குடும்பத்தின் வருஷ உழைப்பு. அதன்மேல் ஏற்றாதீர்கள், சக்கரமும் வழுக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். புளியமர நிழல் விழும் இடத்தில் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது, அங்கே வேகத்தைக் குறையுங்கள். நாய் துரத்தினால் நின்றுவிடுங்கள். நின்ற சைக்கிளை அது பெரும்பாலும் விட்டுவிடும்.

11. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். ஓரத்துச் சாலையிலிருந்தே காரைப் புதரையும் மயிலையும் பார்க்கலாம். தீ மூட்டாதீர்கள், பிளாஸ்டிக்கைத் திருப்பி எடுத்து வாருங்கள். பறவை இருக்கும் ஏரிக்கரையில் மணி அடிக்கவும் பாட்டு வைக்கவும் வேண்டாம். கூட்டிலிருந்து தாய்ப்பறவை எழுந்தால் காக்கைக்கு முட்டை கிடைத்துவிடும்.

12. பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, ஏரியின் பெயர், தண்ணீர் எவ்வளவு, கலிங்கு வழிந்ததா, மதகு சரியாக இருக்கிறதா, கரையில் எங்கே ஓட்டை என்று எழுதுங்கள். கரை அரித்திருந்தால் ஊராட்சி மன்றத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். என்னிடம் இப்படி 17 நோட்டுகள் இருக்கின்றன. சில ஏரிகளைப் பற்றிய கடைசிக் குறிப்பு பத்து வருஷத்துக்கு முந்தையது, ஏனென்றால் அந்தப் பக்கம் மிதிக்க இப்போது எனக்குக் கால் வலு இல்லை. இந்த மார்கழியில் நீங்கள் போனால் அந்த ஏரிகளில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து வந்து எனக்குச் சொல்லுங்கள்.