ஹெலிகாப்டருக்குத் தனி த்ராட்டில் அமைப்பு வேண்டுமா?

கேள்வி: விமான மாடலில் ஓடிய ஸ்பீடு கன்ட்ரோலரை, பிட்ச் மாறும் ரேடியோ ஹெலிகாப்டரில் அப்படியே பொருத்தலாமா? – வாசகர், திண்டிவனம்

பதில்: கன்ட்ரோலரில் ஹெலிகாப்டர் மோடு இருந்தால் பொருத்தலாம். ஆனால் அமைப்பை மாற்றாமல் பறக்கவிடாதீர்கள்.

விமானத்தில் ரேடியோவின் த்ராட்டில் குச்சியை நகர்த்தியதும் மோட்டார் வேகம் மாற வேண்டும். அதற்கு 0 முதல் 100 வரை நேராக ஏறும் த்ராட்டில் கோடு போதும். உங்கள் ஹெலிகாப்டரில் ஏற்ற இறக்கத்தை இறக்கைகளின் கோணம் பார்த்துக்கொள்ளும். ரோட்டரின் வேகம் சீராக இருக்க வேண்டும். அதைக் காப்பதே கன்ட்ரோலரின் கவர்னர் மோடு. இதில் த்ராட்டில் கோட்டை எல்லாப் புள்ளிகளிலும் ஒரே அளவாக, உதாரணமாக 70 சதவீதமாக, வையுங்கள். 100 வைத்தால் சுமை கூடும்போது ஈடுகொடுக்க மிச்ச சக்தி இருக்காது.

மெதுவாகத் தொடங்கும் வசதியை இயக்குங்கள். இல்லையேல் பல்சக்கரம் சிதையக்கூடும். பிரேக் வேண்டாம். பேட்டரி இறங்கும்போது சக்தி சட்டென்று நிற்காமல் படிப்படியாகக் குறையும்படி அமையுங்கள். மோட்டாரை உடனே நிறுத்தும் த்ராட்டில் ஹோல்டுக்குத் தனி சுவிட்ச் ஒதுக்குங்கள்.

அமைக்கும்போது விமானத்தில் புரொப்பெல்லரைக் கழற்றுங்கள். ஹெலிகாப்டரில் மோட்டாரின் பினியனை (சிறு பல்சக்கரத்தை) பெரிய சக்கரத்திலிருந்து விலக்குங்கள். குச்சியின் மேல், கீழ் எல்லைகளைக் கன்ட்ரோலருக்குப் பழக்கிய பிறகே கவர்னரை அமையுங்கள்.

திண்டிவனமோ விழுப்புரமோ, பறக்கவிடும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலமா என்று பாருங்கள். ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் ஒருபோதும் ரோட்டரைச் சுழற்றாதீர்கள்.