நிலத்திலேயே மரம் அறுத்தல்: புனே உழவர்க்கு ஒரு வாய்ப்பு

உழவர் விளைவிக்கும் பொருள்களுள், அளவும் தரமும் அறியாமலே விற்கப்படுவது மரம் ஒன்றே எனலாம். நெல்லை அளந்து விற்பவரும் வெல்லத்தை நிறுத்து விற்பவரும், வரப்பில் முப்பது ஆண்டு நின்ற தேக்கை நின்ற நிலையிலேயே ஒரு மொத்தத் தொகைக்குப் பேசி முடித்துவிடுகின்றனர். புனே மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், சஹ்யாத்ரி மலைச்சரிவை ஒட்டிய முள்ஷி, போர், மாவள் தாலுக்காக்களிலும் இதுவே பெருவழக்கு. பணத்தேவை எழும்போது மரம் விற்கப்படுகிறது. தேவை அவசரமானது என்பதை வாங்குபவர் நன்கு அறிவார்.

அளக்கும் முறையே உழவருக்கு எளிதில் விளங்குவதன்று. சுற்றளவை நான்கால் வகுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கும் கால்சுற்றளவு முறை மர வணிகத்தில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. 120 செ.மீ. சுற்றளவும் 3 மீட்டர் நீளமும் உடைய உருட்டுக்கட்டை இம்முறைப்படி 0.27 கன மீட்டர் ஆகும். வடிவ கணிதப்படி அதன் உண்மையான அளவோ ஏறத்தாழ 0.34 கன மீட்டர். ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலான மரம் கணக்கில் ஏறுவதில்லை. இதனை ஏமாற்று எனக் கூறுவது முறையன்று. அறுப்பில் கழியும் புறமரத்துக்கு இடம்விட்ட வழக்கமே இது. விலையும் அதற்கேற்ப அமைவதுண்டு. எனினும், அவ்வழக்கை அறிந்தவர் வாங்குபவர் மட்டுமே என்னும்போது பேரம் சமநிலையில் நடைபெறுவதில்லை.

வெட்டிய கட்டை லாரியில் புனே நகரின் பவானி பேட்டை மரச்சந்தையையோ வேறோர் அறுவை ஆலையையோ அடைகிறது. கட்டையின் எடையில் கணிசமான பகுதி பட்டையும் ஓரப்பலகையும் மரத்தூளும் ஈரமுமே. வழியில் அவற்றுக்கும் வாடகை உண்டு. அந்த வாடகை உழவருக்குத் தரும் விலையிலேயே கழிக்கப்படுகிறது. பலகையாக மாறும்போது கூடும் மதிப்பு கிராமத்துக்குத் திரும்புவதில்லை.

மரத்தை ஆலைக்குக் கொண்டு செல்லாமல் ரம்பத்தை மரத்தினிடம் கொண்டு வருவது புதிய எண்ணமன்று. பள்ளம் தோண்டி, கட்டையின்மேல் ஒருவரும் கீழே ஒருவருமாக நின்று நீண்ட ரம்பத்தை இழுத்தறுத்த தொழிலாளர் ஊர் ஊராகச் சென்றவர்களே. அவர்தம் உழைப்பை இன்று சிறிய எஞ்சின் செய்கிறது. பாப்புவா நியூகினியில் 1980களில் பரவிய, கிராமத்தார் தூக்கிச் செல்லத்தக்க அறுவைப்பொறிக்கு மக்கள் மொழியில் 'நடமாடும் ரம்ப ஆலை' என்னும் பொருள்படும் பெயரே வழங்கிற்று. பின்னர் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் சிறு நிலவுடைமையாளர்களிடையே இத்தகைய பொறிகள் பரவலாயின.

பொறியின் சிக்கனம் ரம்பத்தின் தடிப்பைப் பொறுத்தது. 30 செ.மீ. சதுரமாக்கிய ஒரு கட்டையிலிருந்து 25 மி.மீ. பலகைகள் எடுப்பதாகக் கொள்வோம். ஒவ்வோர் அறுப்பிலும் 6 மி.மீ. மரத்தைத் தூளாக்கும் வட்ட ரம்பம் 9 பலகைகளைத் தரும், 2 மி.மீ. மட்டுமே தூளாக்கும் மெல்லிய பட்டை ரம்பம் 11 பலகைகளைத் தரும். ஒரே கட்டையில் இரண்டு பலகைகள் வேறுபாடு! தைல மரத்துக்கு மற்றொரு நன்மையும் உண்டு. வெட்டியபின் அதன் உள்ளிறுக்கம் தளர்ந்து கட்டையின் முனைகள் பிளப்பதால், தாமதமின்றி அறுப்பது நலம். குறையும் சொல்லப்பட வேண்டும். வேலிக்கம்பமாகப் பயன்பட்ட வரப்பு மரங்களில் முள்கம்பியும் ஆணியும் புதைந்திருக்கும். மெல்லிய ரம்பத்துக்கு அதைவிடப் பெரிய பகை இல்லை.

இனிச் சட்டத்தைக் காண்போம். மகாராஷ்டிரத்தில் 1964ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் ஒழுங்குமுறைச் சட்டம், தேக்கு, மா, பலா, நாவல் உள்ளிட்ட பட்டியல் மரங்களைச் சொந்த நிலத்தில் வெட்டுவதற்கும் அனுமதி கோருகிறது. கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று தொடங்கி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகள் நாட்டின் மரத்தொழில் முழுவதையும் கட்டுக்குள் கொண்டுவந்தன. உரிமமற்ற ஆலைகளை மூடுமாறு 2002 அக்டோபரில் ஆணை பிறந்தது. காடுகள் கண்முன் அழிந்துகொண்டிருந்த வேளையில் அது இன்றியமையாத நடவடிக்கையே. மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் உரிமம் வழங்கும் பொறுப்பை மாநில அளவிலான குழுக்களிடம் ஒப்படைத்தன. ஆயினும், மின்விசையாலோ எந்திர விசையாலோ மரம் அறுக்கும் பொறியையும் அது அமைந்த இடத்தையும் சேர்த்தே 'அறுவை ஆலை' என அவை வரையறுக்கின்றன. இன்று ஒரு வயலிலும் நாளை மற்றொரு வயலிலும் நிற்கும் பொறிக்கு 'இடம்' எது? நிலைத்த ஆலையை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட வரையறையில் சக்கரம் பூட்டிய ரம்பம் பொருந்துவதில்லை. உரிமம் இன்றி அதனை இயக்க முற்படும் உழவர் குற்றத்தின் விளிம்பில் நிற்கிறார்.

காடு காக்கும் அதிகாரியின் அச்சமும் புறக்கணிக்கத்தக்கதன்று. இரவில் வனத்துள் நுழைந்து, தேக்கைப் பலகையாக்கி, அடையாளம் அழித்து வெளியேறுவதற்கு இதைவிட ஏற்ற கருவி இல்லை. மேற்குத் தாலுக்காக்களில் உழவர் நிலமும் வனமும் பல இடங்களில் எல்லைக்கல்லால் மட்டுமே பிரிந்துள்ளன. ஆனால் மரத்தேவையை நிறைவு செய்வது யார் என்பதும் நோக்கத்தக்கது. 2011ஆம் ஆண்டின் இந்திய வன நிலை அறிக்கை, அரசுக் காடுகளின் ஆண்டு மர உற்பத்தியை ஏறத்தாழ 32 லட்சம் கன மீட்டர் எனவும், காடுகளுக்கு வெளியே உள்ள மரங்களிலிருந்து கிடைக்கக்கூடியதை ஏறத்தாழ 4 கோடியே 28 லட்சம் கன மீட்டர் எனவும் மதிப்பிட்டது. பெரும்பங்கை அளிக்கவல்லவரைக் கள்வருக்கான விதிகளால் ஆள்வது நற்பொருளியல் ஆகாது.

வழி இல்லாமல் இல்லை. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை 2017ஆம் ஆண்டின் திருத்தம் 'மரம்' என்னும் வரையறையிலிருந்து நீக்கியது. தேசிய இடப்பெயர்ச்சி அனுமதிச்சீட்டு முறை 2023 டிசம்பரில் நாடெங்கும் தொடங்கப்பட்டது. வேளாண் நிலத்து மரங்களை வெட்டுவதற்கான மாதிரி விதிகளை மத்திய அரசு 2025 ஜூனில் மாநிலங்களுக்கு அனுப்பியது. மாதிரி விதிகள், பெயருக்கேற்ப, வெட்டுதலைப் பற்றியவை. அறுத்தலுக்கும் அதே அணுகுமுறை விரிவடைதல் வேண்டும். பொறி பதிவு செய்யப்படலாம். அறுக்கும் நாளும் புல எண்ணும் வன அலுவலகத்துக்கு முன்னரே அறிவிக்கப்படலாம். அடிமரத்திலும் கட்டையிலும் ஒரே எண் பொறிக்கப்படலாம். தனி உழவர் ஒருவருக்கு இப்பொறி ஆண்டில் சில நாள்களே பயன்படும் என்பதால், உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ கூட்டுறவுச் சங்கமோ அதனை வைத்திருப்பதே சிக்கனம். பொறுப்புக்கு ஓர் அமைப்பு இருப்பதால் கண்காணிப்பதும் எளிது. அறுத்த பலகைகளைச் சட்டமிட்டு அடுக்கிக் காற்றில் உலரவிட நிழற்கொட்டகையும் தேவைப்படும். சஹ்யாத்ரி அடிவாரத்தில் ஜூன் மாதம் மழை இறங்கிவிடும். அறுப்பு வேலை குளிர்காலத் தொடக்கத்திலேயே தொடங்கப்பட்டால்தான் பலகை உலர்வதற்குக் காலம் கிட்டும்.