வீட்டுக் கேமரா: மாட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை



பிள்ளைகள் துபாயிலோ கோவையிலோ வேலையில் இருக்க, வயதான அத்தாவும் அம்மாவும் மட்டும் இருக்கும் வீடுகள் நம் மலையில் பெருகிவிட்டன. ஒரு நிக்காஹுக்காக மேட்டுப்பாளையம் இறங்கினால் வீடு இரண்டு நாள் பூட்டிக் கிடக்கும். உம்ராவுக்குப் போனால் பதினைந்து நாள். அதனால்தான் வைஃபை கேமரா வாங்கலாமா, எதை வாங்கலாம் என்று பலரும் கேட்கிறார்கள். சமவெளிக்காரர்களுக்குச் சொல்லும் ஆலோசனை இங்கே பாதிதான் பொருந்தும். நமக்கு மூடுபனியும் மழையும் மின்தடையும் இருக்கின்றன. அவற்றைவிட முக்கியமான ஒன்று, அந்தக் கண் வழியாக யார் பார்க்கிறார்கள் என்பது. முதலில் அதைப் பார்ப்போம்.

2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட் நகரில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் வெளியே வந்தன. பெண்களைப் பரிசோதிக்கும் அறையில் எடுக்கப்பட்டவை அவை. யூடியூபில் சிறு துண்டுகளைக் காட்டி, மீதியை டெலிகிராமில் விலைக்கு விற்றிருக்கிறார்கள். இதற்காக யாரும் சுவர் ஏறிக் குதிக்கவில்லை. எவரும் ஊகிக்கக்கூடிய எளிய கடவுச்சொல்லே அந்தக் கேமராக்களுக்கு இருந்ததாகப் பின்னர் செய்திகள் வந்தன. இது புதிய தந்திரமும் அல்ல. 2016-லேயே மிராய் என்ற தீய மென்பொருள், கம்பெனி வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் பல நாடுகளில் தன்வசப்படுத்தியது. அந்த அக்டோபரில் அவற்றை ஒன்றாக ஏவியபோது அமெரிக்காவில் பெரிய இணையதளங்களே மணிக்கணக்கில் முடங்கின. கேமராவின் சொந்தக்காரர்களுக்கோ எதுவும் தெரியாது.

நம் வீடுகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. மாட்ட வருகிற தம்பி, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தன் செல்போனிலேயே கணக்கைத் தொடங்கிவிட்டு, வீட்டுக்காரருக்குப் பார்க்கும் அனுமதியை மட்டும் கொடுத்துவிட்டுப் போவார். அவர் நல்லவராகவே இருக்கட்டும். ஆனாலும் அப்போது கேமராவின் சாவி அவரிடம் இருக்கிறது, நாம் அதில் விருந்தாளி. அவர் போனைத் தொலைத்தாலோ விற்றாலோ நம் வாசல் யாருடைய கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே கணக்கு உங்கள் எண்ணில், உங்கள் போனில், உங்கள் கண் முன்னால் தொடங்கப்பட வேண்டும். கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும். பிள்ளையின் பெயரோ பிறந்த வருடமோ வேண்டாம். கணக்கில் நுழைய ஓ.டி.பி. கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். பிறகு மகனுக்கோ மருமகனுக்கோ நீங்கள் பகிரலாம். யார் யாருக்குப் பகிர்ந்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் அந்தச் செயலியிலேயே இருக்கும். பழைய போனை விற்கும் முன் அதிலிருந்து வெளியேறி, பட்டியலிலும் நீக்குங்கள். ஏற்கெனவே கேமரா வைத்திருப்பவர்கள் இந்தப் பட்டியலை இன்றே ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

வீட்டுக்குள் கேமரா வேண்டாம் என்பதே என் கருத்து. வீட்டில் பெண்கள் முக்காடு இல்லாமல் நடமாடும் இடம் அது. படுத்த படுக்கையாக ஒருவர் இருந்து, கவனிக்க வேறு வழியே இல்லையென்றால், அவருடைய சம்மதத்தோடு, லென்ஸை மூடிவைக்கும் வசதியுள்ள கேமராவை வைக்கலாம். மற்றபடி வாசலும் பின்கதவும் போதும். வேலைக்கு வரும் அக்காவிடமும் கேமரா எங்கே இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும்.

வாசல் என்றாலும் அங்கேயும் கவனம் தேவை. எஸ்டேட் லைன் வீடுகளில் நம் வாசலுக்கு எதிரே பத்தடியில் அடுத்தவர் வாசல், பக்கத்திலேயே பொதுக் குழாய். குன்னூர் சரிவுகளில் நம் வீட்டுத் திண்ணை உயரம்தான் கீழ்வீட்டின் கூரை உயரம். கேமராவைக் கொஞ்சம் சாய்த்தால் அவர்கள் கொல்லைப்புறம் முழுவதும் தெரியும். அடுத்தவர் வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி கேட்கச் சூரா அந்நூர் கட்டளையிடுகிறது, துருவி ஆராய்வதைச் சூரா அல்ஹுஜுராத் தடுக்கிறது. கதவின் துளை வழியே எட்டிப் பார்த்தவரை நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்கள் என்பதை ஹதீஸில் படித்திருக்கிறோம். கேமராவும் ஒரு துளைதான்.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. பாதுகாப்பு என்ற பெயரில் பக்கத்து வீட்டாரை நோட்டமிட முடியாது என்று 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ஒரே வீட்டில் குடியிருக்கும் சகோதரர்களில் ஒருவர் மற்றவரின் சம்மதமின்றி வசிக்கும் பகுதியில் வைத்த கேமராக்களை இயக்கக் கூடாது என்று 2025 பிப்ரவரியில் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது. கூட்டுக் குடும்பமாக இருப்பவர்கள் இதை நினைவில் வைக்கட்டும். பல கேமராக்களில் குறிப்பிட்ட பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி உண்டு. அதைக் கொண்டு அடுத்தவர் வாசலை மறைத்து, அவர்களைக் கூப்பிட்டுத் திரையில் காட்டிவிட்டால் மனத்தாங்கல் வராது. பேச்சைப் பதிவு செய்யும் மைக்கை அணைத்தே வையுங்கள்.

இனி வாங்குவதைப் பார்ப்போம். ஒயர்லெஸ் என்றால் வயரே இல்லை என்று நினைக்க வேண்டாம். படம் மட்டும்தான் காற்றில் போகும், கரண்ட் வயர் வேண்டும். பேட்டரியும் சோலாரும் சேர்ந்தவை இருக்கின்றன. ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், பந்தலூர் பக்கம் வெயில் முகம் காண்பதே அரிது, பேனல் என்ன செய்யும்? ஊட்டியில் உறைபனி விழும் ஜனவரி இரவுகளில் லித்தியம் பேட்டரி சோர்ந்துவிடும், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்வதும் கெடுதல். வயர் போக வழியிருந்தால் வயர் உள்ளதையே வாங்குங்கள்.

பெட்டியில் ‘இரவில் 30 மீட்டர் தெரியும்’ என்று போட்டிருப்பார்கள். மூடுபனியில் மூன்று மீட்டரே பெரிது. கேமரா தன் அகச்சிவப்பு விளக்கை அடிக்க, அந்த ஒளி பனித்துளிகளில் பட்டு லென்ஸுக்கே திரும்பிவரும். திரை முழுக்க வெள்ளையாகிவிடும். பனியில் காருக்கு ஹைபீம் போட்டால் ஆவதுபோலத்தான். அதிக விலைக் கேமரா வாங்கினாலும் இது தீராது. அகச்சிவப்பை அணைத்துவிட்டு, கேமராவிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி ஒரு எல்.இ.டி. பல்பை வாசலுக்கு நேராகப் போடுங்கள், வித்தியாசம் தெரியும். சிலந்திக்கும் அந்த அகச்சிவப்பு விளக்கைச் சுற்றி வலை கட்டுவதில் அலாதிப் பிரியம். வாரம் ஒருமுறை துடைக்க வேண்டியிருக்கும்.

வெளியே மாட்டுவதற்கு ஐபி66 அல்லது ஐபி67 தரம் வேண்டும். நம் நாட்டில் விற்கும் கேமராக்கள் அரசின் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறையில் உள்ளது. பெட்டியில் பி.ஐ.எஸ். முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா பாருங்கள். எதுவும் இல்லாத மலிவுச் சரக்கு வேண்டாம். மனிதரை மட்டும் கண்டு எச்சரிக்கும் வசதி நமக்கு அவசியம். இல்லையென்றால் இரவெல்லாம் காட்டெருமைக்கும் நாய்க்கும் போன் அடித்துக்கொண்டே இருக்கும், நான்காம் நாள் நீங்களே அணைத்துவிடுவீர்கள். கரடி நடமாட்டம் உள்ள பகுதியினர் மட்டும் விலங்குகளுக்கான எச்சரிக்கையையும் வைத்துக்கொண்டு, சுப்ஹுக்குக் கிளம்புமுன் வாசலை ஒருமுறை திரையில் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கலாம். கள்ளனைப் பிடிக்கிறதோ இல்லையோ, இதற்காகவே ஒரு கேமரா வைக்கலாம்.

பெரும்பாலான கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில்தான் சேரும். பழைய கல்வீட்டுச் சுவரும் தகரமும் சிக்னலை நன்றாகவே தடுக்கும். துளை போடுமுன், மாட்டப்போகும் இடத்தில் செல்போனை வைத்து, மொபைல் டேட்டாவை அணைத்து, வைஃபையில் ஒரு வீடியோ தடையில்லாமல் ஓடுகிறதா பாருங்கள். பிராட்பேண்ட் எட்டாத வீடுகளுக்கு 4ஜி சிம் கேமரா உண்டு. ஒரு எம்.பி.பி.எஸ். வேகத்தில் தொடர்ந்து பார்த்தால் மணிக்கு 450 எம்.பி. செலவாகும், தினம் 2 ஜி.பி. தரும் சிம் நாலரை மணி நேரம்கூடத் தாங்காது. எனவே பதிவைக் கேமராவிலுள்ள மெமரி கார்டில் வையுங்கள். அதே கணக்கில் 128 ஜி.பி. கார்டு சுமார் பத்துப் பன்னிரண்டு நாள் தாங்கும், பிறகு பழையது அழிந்து புதியது ஏறும்.

எட்டு, ஒன்பது அடி உயரத்தில், மழைச்சாரல் படாதபடி கூரை விளிம்புக்கு உள்ளே மாட்டுங்கள். வயர் சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன் சற்றுத் தொங்கி மேலேறட்டும். அப்போது தண்ணீர் வயர் வழியே உள்ளே போகாமல் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

இனி மின்சாரம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். அப்படிப்பட்ட இரவில் கேமராவும் ரவுட்டரும் சேர்ந்தே கண்ணை மூடும். 2017 ஏப்ரலில் கோடநாடு எஸ்டேட்டில் காவலாளி கொல்லப்பட்ட வழக்கிலும், அன்றிரவு கேமராக்கள் ஏன் வேலை செய்யவில்லை என்பது பெரிய கேள்வியானது. ரவுட்டருக்கென்றே சிறிய யு.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. உங்கள் ரவுட்டரின் அடாப்டரில் உள்ள வோல்ட்டேஜைப் பார்த்து அதற்கேற்றதை வாங்குங்கள். கேமராவுக்கும் அதேபோல் ஒன்று வேண்டும், ஒன்றுக்கு மட்டும் போட்டுப் பயனில்லை.

அசம்பாவிதம் ஏதும் நடந்தால் அந்தப் பதிவை உடனே போனில் இறக்கிவைத்து, கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்தி, காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். திரையில் தெரிபவர் வழி கேட்க வந்த அப்பாவியாகவும் இருக்கலாம்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகு, ஒரு நாள் இஷாவுக்குப் பின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தெருமுனைவரை நடந்துபோய் மொபைல் டேட்டாவில் உங்கள் வாசலைத் திறந்து பாருங்கள். தெரியவில்லையென்றால், மாட்டிய தம்பியை மறுநாளே கூப்பிடுங்கள்.