பார்த்தீனியமும் முளையாத பயறும்

வன்னியில் மேட்டுநிலப் பெரும்போகம் ஐப்பசி மழையை நம்பியது. முதல் மழைக்கு உழுது பயறும் உழுந்தும் விதைத்த உழவன், ஏழாம் நாள் முளை ஐதாயிருக்கக் கண்டால், விதையே பழுதென்பான். என் தந்தையாரும் ஓராண்டு அவ்வாறே விதை விற்றவரை நொந்துகொண்டார். விதை பழுதன்று. முன் ஈராண்டு தரிசாய்க் கிடந்த அக்காணியிற் பார்த்தீனியம் மண்டியிருந்தது.

மெக்சிக்கோ வளைகுடாவைச் சூழ்ந்த நாடுகளே இச்செடியின் தாயகம். இந்தியாவிற் பூனா நகரில் 1950களின் நடுவே காணப்பட்டுப் பின் நாடெங்கும் பரவிற்று. இலங்கையில் முதன்முதல் அறியப்பட்டது 1999 இல், நம் வவுனியாவில். 1987 முதல் 1990 வரை இங்கிருந்த இந்தியப் படையினர்க்கென வந்த ஆடுகளோடு வந்ததென்பர். போரினால் மக்கள் அகன்ற காணிகளோ அதற்கு வாய்ப்பாயின.

இனி, அது முளையைத் தடுக்கும் வகை யாதெனில்: இலையின் நுண்மயிர்களிற் பார்த்தெனின் என்னும் கசப்புப் பொருளும், உடலெங்கும் பீனோலிக் அமிலங்களும் உள. மழைநீர் இவற்றைக் கழுவி மண்ணிற் சேர்க்கும். உதிர்ந்த இலை மட்கும்போதும் வேர்வழியும் இவை கசியும். விதை நீரையுறிஞ்சும்போது இவற்றையும் உறிஞ்சுகின்றது. முளைவேர் நீளாது கருகும். அவரையினப் பயிர்களின் வேர்முடிச்சும் குன்றும். பூந்தூள் மிளகாய்ப் பூவின் சூலகமுடியிற் படியின் காய்பிடித்தலும் குறையும்.

இதனை மாணவர் தாமே காணலாம். இரு தகரமூடிகளில் ஈரத்துணி விரித்துப் பயறிட்டு, ஒன்றுக்கு வெறுநீரும், மற்றையதற்கு இடித்த பார்த்தீனிய இலை ஓரிரவு ஊறிய நீரும் தெளித்தோம். மூன்றாம் நாள் முன்னையது வெண்முளையால் நிறைந்தது. பின்னையதில் முளைத்தன சில, அவற்றின் வேரும் குறுகிப் பழுப்பேறியிருந்தன. வயலில் நஞ்சு இத்துணைச் செறிவாக இராது என்பதையும் மாணவர்க்குச் சொல்லிவைத்தேன்.

ஒரு செடி பதினையாயிரத்துக்கு மேற்பட்ட விதைகளை ஈனவல்லது. முளைத்து ஆறு கிழமைக்குள் பூக்கவும் கூடும். ஆதலின் பூக்குமுன் பிடுங்குவதே முதல் வழி. மண் ஈரமாயிருக்கையில் வேரோடு பிடுங்கவேண்டும். வெட்டினால் அடியிலிருந்து துளிர்க்கும். கையுறையும் மூக்கிற்குத் துணியும் இன்றித் தொடுதல் ஆகாது. தோலழற்சியும் இழைப்பும் வரும். பூவாச் செடியைக் கூட்டெருவாக்கலாம். பூத்ததை உலர்த்தி எரித்துவிடுக. ஆழவுழுது புதைப்பது நன்றென்பார் கூற்று எனக்கு உடன்பாடன்று: ஆழத்திற் கிடக்கும் விதை ஆண்டுகள் பல உயிரோடிருக்கும்.

முதல் மழைக்கு அதனை முளைக்கவிட்டு, மேலாக உழுது அழித்தபின் விதைத்தல் சிறந்த முறை. ஆயின் மழையை மட்டும் நம்பியவன் இரு கிழமை பொறுத்தால், கடைசியிற் பூவுக்கு மழை போதாமற் போகலாம். கிணறுள்ளவன் பொறுக்கட்டும், இல்லாதவன் காணியின் ஒரு பங்கிலாவது ஆண்டுதோறும் மாற்றி மாற்றி இதனைச் செய்து பார்க்கட்டும். உப்புக்கரைசல் தெளித்தல் வீதியோரத்துக்கே ஆகும்; விளைநிலத்துக்கு ஆகாது. மெக்சிக்கோவிலிருந்து தருவித்து 1984 இற் பெங்களூரில் விடப்பட்ட ஒருவகை வண்டு இலையைத் தின்று மொட்டையாக்குகின்றது. ஆயினும் அது மழைக்காலத்திலேயே பெருகுவது.

உழவு இயந்திரம் வாடகைக்கு எடுப்போர், அது காணிக்குள் இறங்குமுன் சில்லுகளிலும் கலப்பையிலும் ஒட்டிய மண்ணைப் படலையடியிலேயே கழுவுவித்துக்கொள்க.