மலைக் காப்பியும் முகத்துவாரத்துத் தண்ணீரும்

கடியப்பட்டணத்தருகே கடலில் கலக்கும் வள்ளியாறு, வேளிமலையில் உற்பத்தியாவதோடு, பரளியாற்றுப் புத்தன் அணையிலிருந்து பிரியும் பத்மநாபபுரம் புத்தனாறு கால்வாயின் வடிகாலையும் ஏந்தி வருவதாகையால், மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் ஒருவர் செய்கிற விவசாயம், முகத்துவாரத்தில் வலை வீசுகிற குடும்பங்களையும் தொட்டுவிடுகிறது. அந்த மலைத்தொடரின் அசம்புப் பகுதியில் 19-ஆம் நூற்றாண்டிலேயே காப்பி பயிரிட்டார்கள். 1869-இல் இலங்கையில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் பின்னர் தென்னிந்தியத் தோட்டங்களிலும் புகுந்து பெருநாசம் விளைத்தது. மலையில் காப்பி வைக்க விரும்புவோர் கைக்கொள்ள வேண்டிய முறைகளை இங்கே சொல்கிறேன்.

முதற்காரியம் நிழல். அராபிகா ஏறத்தாழ 3000 முதல் 5000 அடி உயரத்தில் செழிக்கும். அதற்குக் கீழே ரோபஸ்டா பொருந்தும். எந்த வகையானாலும், இருக்கிற காட்டு மரங்களை வெட்டாமல், பலா, அத்தி முதலியவற்றை மேல்நிழலாக நிறுத்தி, இடையிடையே முள்முருங்கைக் கொம்புகளை நட்டுக் கீழ்நிழல் உண்டாக்க வேண்டும். பருவமழைக்கு முன் கிளைகளைக் கழித்து வெளிச்சமும் காற்றும் புகவிட்டு, கோடைக்குள் நிழல் மீண்டும் அடர்ந்துவிடும்படி பார்த்துக்கொள்வது அவசியம். வெயில் நேராக விழும் செடியின் பட்டை வெடிப்புகளிலேதான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு விருப்பத்தோடு முட்டையிடுகிறது. இலை மஞ்சளித்த செடியின் தண்டைத் தடவினால், வரம்பு வரம்பாகப் புடைத்திருப்பது கைக்குத் தட்டுப்படும். அத்தகைய செடியைத் தயக்கமின்றி வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும்.

மழை தொடங்கியதும், ஒன்றரை அடிச் சதுரமும் அதே ஆழமுமான குழிகளில் தொழுஉரமிட்டு, சரிவுக்குக் குறுக்கே, அராபிகாவானால் ஆறடி இடைவெளியில் நடலாம். வரிசைகளுக்கிடையே நீள்குழிகள் வெட்டினால் ஓடும் மண்ணும் சருகும் அங்கேயே தங்கும். களையை மண்வெட்டியால் கொத்துவதைவிட அரிவாளால் அறுத்துப் போடுவதே உத்தமம். ஓடைக்கரை மரங்களில் கத்தி படவே கூடாது.

பறிப்பில் சிவந்த பழம் மட்டுமே கூடைக்கு வர வேண்டும். ஆயினும் பறிப்பு முடிந்தபின் கிளையில் எஞ்சியதையும் தரையில் உதிர்ந்ததையும் ஒன்று விடாமல் பொறுக்கிவிட வேண்டும், ஏனெனில் 1990-இல் கூடலூர்ப் பக்கம் இந்தியாவில் முதன்முதலாகத் தென்பட்ட காய்த்துளைப்பான் வண்டு அவற்றிலேதான் அடுத்த பருவம்வரை உயிர் தரித்திருக்கிறது.

இனிச் சொல்வது மிக முக்கியமானது. பழத்தைத் தோலுரித்து, ஒரு நாளோ ஒன்றரை நாளோ புளிக்கவைத்து, கொட்டையின் வழவழப்பை அலசிப் பார்ச்மென்ட் காப்பி தயாரிக்கும்போது வெளியேறும் தண்ணீர், புளிப்பேறியதாய், ஓடையிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சி மீன்களைக் கொல்லும் தன்மையது. அதை ஓடையிலிருந்து தள்ளி வெட்டிய குழியில் தேக்கி, சுண்ணாம்பிட்டுப் புளிப்பை முறித்து, தெளியவைக்க வேண்டும். தோலைச் சாணத்தோடு அடுக்கினால் நல்ல எருவாகும். இந்த ஏற்பாட்டுக்கு வசதியில்லாத சிறு விவசாயி பழத்தை முழுதாகவே களத்தில் உலர்த்திவிடலாம். விலை சற்றுக் குறையினும் ஓடை கெடாது.

தோட்டக்காரர்களே, ஓடையிலே விட்டது கால்வாய் வழியாகக் கடற்கரைவரை போகும் பிரதேசம் இது. பழம் சிவக்கத் தொடங்குமுன் அந்தக் கழிவுநீர்க் குழியை வெட்டி வையுங்கள்.